சாங்கி சாலையில் இரண்டு ராகு காலம்

சிங்கப்பூர்க் கடலோரத்தில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்கு வழிகாட்டும் தொழிலில், வழி எனக்கு ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. அது போட்ட இடத்திலேயே கிடக்கிறது. தொல்லையெல்லாம் அதன்மேல் ஏறி வருகிறவர்களால்தான். கல்யாணத்துக்குப் பேருந்து அமர்த்தி உறவினரை ஏற்றி அனுப்பியவர்கள், வகுப்புப் பிள்ளைகளை விலங்குத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் எண்ணிக்கை குறையாமல் திரும்பிய ஆசிரியர்கள், "அஞ்சு நிமிஷத்துல கீழ வந்துடுறோம்" என்ற சொல்லை நம்பி அடுக்குமாடியின் கீழே காருக்குள் காத்திருந்தவர்கள் ஆகியோருக்கு என் நிலையை விளக்க வேண்டியதில்லை. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அன்று பொது விடுமுறைத் திங்கட்கிழமை. காலை மணி ஏழு ஐந்து. இரவில் பெய்த மழை விட்டிருந்தது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் பாதையில் ஈரம் மிச்சமிருந்தது. கடலிலிருந்து மெல்லிய காற்று. வானம் சாம்பல் நிறம், ஆனால் மழை வரும் அறிகுறி இல்லை. அதாவது, தாமதமானால் வானிலையின்மேல் பழிபோட இயலாத காலை.

தாமதமானால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. சைக்கிள்களை வாடகைக்கு விட்டு, சவாரிகளையும் நடத்தும் எங்கள் சிறிய நிறுவனத்தின் முதலாளி திருமதி கோ, சனிக்கிழமையன்று ஒரு தாளை என் முன் வைத்தார். நான் நடத்தும் தமிழ்ச் சவாரி கடைசி மூன்று முறை திரும்பி வந்த நேரங்கள் அதில் இருந்தன: 12.40, 1.10, 12.25. அதே சைக்கிள்கள் பன்னிரண்டு மணிக்கு ஆங்கிலக் குழுவுக்குத் தேவை. திங்கட்கிழமையும் பன்னிரண்டைத் தாண்டினால் தமிழ்ச் சவாரியை நிறுத்திவிடுவதாக அவர் ஆங்கிலத்தில், மிக மென்மையாகச் சொன்னார். அந்தச் சவாரி நான் வாதாடிப் பெற்றது. நான்கு மாதம் தனியாக ஓட்டிப் பார்த்து, வளைவு, மேடு, தண்ணீர்க் குழாய், கழிவறை என ஒவ்வொன்றையும் குறித்து, தமிழில் வழித்தாள் எழுதியிருந்தேன். என் புவியியல் பட்டம் முதன்முதலாகப் பயன்பட்டது நாற்பத்தொன்பதாவது வயதில், அந்தத் தாளில்தான். அன்று சவாரி நின்றால், அதுவும் நிற்கும்.

எந்த ஊர் ராகு

பதிவு செய்திருந்தவர்கள் நால்வர். கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் முத்துக்குமார் ஆறு ஐம்பதுக்கே வந்து, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாடகைச் சைக்கிளின்மேல் அமர்ந்துவிட்டார். அடுத்து, தெம்பனிஸிலிருந்து பிரகாஷும் அவர் மனைவி வித்யாவும். சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்காக வந்து நான்கு ஆண்டுகள் ஆனவர்கள்; 'பிஆர்' எனப்படும் நிரந்தரவாச உரிமை இன்னும் கிடைக்காதவர்கள். பிரகாஷிடம் மட்டும் சொந்தச் சைக்கிள் இருந்தது. வாங்கி இரண்டு நாளே ஆன, விரலளவு டயர் கொண்ட பந்தயச் சைக்கிள். கடைசியாக ஆங் மோ கியோவிலிருந்து திரு. அருணாசலம். இங்கேயே பிறந்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்றவர். முந்தைய மூன்று தாமதங்களிலும் தவறாமல் பங்கேற்றவர்.

ஏழரைக்குப் புறப்பாடு என்று அறிவித்தேன். பிரகாஷ் கைப்பேசியிலிருந்த பஞ்சாங்கத்தை நீட்டினார். "மேடம், திங்கக்கிழமை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும். ஒன்பது வரைக்கும். புது வண்டி வேற. அதுக்கு முன்னாடியே எடுத்தாகணும்." அருணாசலம் சட்டைப்பையிலிருந்து, அன்று காலை நாட்காட்டியில் கிழித்த தாளை எடுத்துப் பிரித்தார். "அது எந்த ஊரு ராகு காலம், தம்பி? இங்க சூரியன் வர்றதே ஏழு மணிக்கு. நமக்கு எட்டரையிலேர்ந்து பத்து. எட்டரைக்குள்ள எப்ப வேணும்னாலும் கிளம்பலாம் லா. நான் போயி ஒரு தே ஓ குடிச்சிட்டு வரேன்."

ராகு காலம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடப்படுவது என்றும், பிரகாஷின் கைப்பேசி இன்னும் சென்னையிலேயே இருக்கிறது என்றும் நான் பொறுமையாக விளக்கினேன். அந்த விளக்கத்தால் மேலும் நான்கு நிமிடம் போயிற்று. "நாங்க சென்னைக்காரங்கதானே மேடம், எங்களுக்கு எங்க ஊருதானே பார்க்கணும்?" என்றார் பிரகாஷ். தேநீர்க் கடையை நோக்கிப் பாதி வழி போய்விட்ட அருணாசலம் அங்கிருந்தே திரும்பினார்.

"ராகு இந்த ஊருக்கு வந்து எத்தன வருஷமாச்சு! அவருக்கும் பிஆர் கொடுத்தாச்சு லா, தம்பி!"

தேக்காவில் வாங்கிய பழம்

ஏழு இருபத்தைந்துக்குப் பிரகாஷ் முதுகுப்பையைத் திறந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். முந்தைய நாள் தேக்கா சந்தையில் வாங்கி, கோயிலில் வைத்து எடுத்தவை. புது வண்டிக்குச் சக்கரத்துக்கு ஒன்று. கார் டயரும் லாரி டயரும் எலுமிச்சையை நசுக்கும். விரலளவு டயர் நசுக்காது, பழம் உருளும், பாதையும் ஈரம் என்று சொன்னேன். "சம்பிரதாயம்தானே மேடம், ஒரே ஒரு மிதி" என்றார்.

அந்த ஒரே மிதியில் முன்சக்கரத்துப் பழம் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. சக்கரமும் அதன் பின்னாலேயே போயிற்று. பிரகாஷின் காலணிகள் மிதிகட்டையில் பூட்டப்பட்டிருந்ததால், பத்தடி தூரம் தள்ளாடி ஓடி, காலை ஊன்ற வழியின்றி, மிக நிதானமாக, ஒரு கதவு சாய்வதைப்போலச் சாய்ந்தார். அடி எதுவும் இல்லை. ஆனால் பின்சக்கரத்தில் சங்கிலியைப் பல் மாற்றும் கருவி உள்நோக்கி வளைந்துவிட்டது. அப்போது மணி சரியாக ஏழு இருபத்தொன்பது. தரையில் கிடந்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "இது புறப்பட்டதா கணக்காகுமா?" என்பது. "பத்தடி போனீங்கல்ல, ஆகும்" என்று வித்யா தீர்ப்பளித்தார். புறப்பட்டாயிற்று, எனவே இனி அவசரமில்லை என்று அவர்களும் தேநீர்க் கடைக்குப் போனார்கள். இரண்டு பஞ்சாங்கங்கள் எதில் முரண்பட்டாலும், தேநீர் விஷயத்தில் ஒன்றுபட்டன.

எங்கள் பழுது பார்ப்பவரும், சவாரியின் கடைசியில் வருபவருமான ஜமால் அண்ணன், குந்தி அமர்ந்து அந்தக் கருவியை நிமிர்த்தத் தொடங்கினார். நசுங்காத பழம் இரண்டும் அவர் முழங்காலருகே கிடந்தன. பிரகாஷ் தேநீருடன் திரும்பி வந்து, யாருடைய கண் பட்டதோ என்று வருந்தினார். ஜமால் அண்ணன் தலை நிமிரவில்லை.

"கண்ணு வெளிய இருந்து வரல சார். உங்க பையிலதான் வந்திருக்கு."

இரண்டு விளக்குக் கம்பம்

எட்டு இருபதுக்கு உண்மையிலேயே புறப்பட்டோம். சாங்கிக் கடலோரச் சாலை நேராக, நீண்டு, ஒரு பக்கம் விமான ஓடுபாதையின் வேலியோடு போவது. சாலையில் ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்பதால் நானும் நால்வரும் ஒரு குழு. ஜமால் அண்ணன் இரண்டு விளக்குக் கம்பங்கள் பின்தள்ளித் தனியே வருவார். இதைப் புறப்படும் முன் இரண்டு முறை சொன்னேன். கைச்சைகைகளையும் கற்பித்தேன்: உள்ளங்கை கீழே என்றால் வேகம் குறை, விரல் தரையைக் காட்டினால் பள்ளம்.

மூன்றாவது நிமிடத்தில் அருணாசலம் வித்யாவுக்குப் பக்கத்தில் இருந்தார். முன்னால் போகச் சொன்னேன். ஐந்தாவது நிமிடத்தில் பிரகாஷுக்குப் பக்கத்தில் இருந்தார். பின்னால் போகச் சொன்னேன். ஒன்பதாவது நிமிடத்தில் திரும்பிப் பார்த்தபோது வரிசையில் மூவர்தான் இருந்தார்கள். அவர் இரண்டு விளக்குக் கம்பங்கள் பின்னால், ஜமால் அண்ணனிடம் தம் முழங்கால் அறுவை சிகிச்சையை விவரித்துக்கொண்டு வந்தார். நிறுத்தி, காரணம் கேட்டேன். "ஏம்மா, வாய மூடிக்கிட்டு ஓட்டணும்னா நான் தனியாவே வந்திருப்பேனே?" என்றார். பதில் சொல்லும் அளவுக்கு அதில் குற்றம் இல்லை, அதுதான் எரிச்சல்.

சைகை விஷயத்தில் பிரகாஷ் கைப்பிடியிலிருந்து கையை எடுக்க அஞ்சினார். வித்யா பள்ளத்தைத் தாண்டிய பிறகு காட்டினார். முத்துக்குமார் மட்டும் ஒவ்வொன்றையும் நான் காட்டிய கணத்தில், தோளிலிருந்து விரல்நுனிவரை தெளிவாகக் காட்டினார். அவருக்குக் கப்பல் தளத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை. பாராட்டினேன். அவர் கூச்சத்துடன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க கைய தப்பா காட்டினா தலையில இரும்பு விழும்க்கா. இங்க பேச்சு மட்டும்தானே விழுது."

நான்கு நிமிடக் கடல்

சாங்கிக் கடற்கரையில் ஓரிடத்தை நான் நான்கு மாதத் தேடலில் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். இரண்டு மரங்களுக்கு நடுவே, மறைப்பு எதுவும் இல்லாமல், நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும். வழித்தாளில் அந்த இடத்துக்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தேன். கடலைப் பார்ப்பதற்கு.

பிரகாஷும் வித்யாவும் கடலுக்கு முதுகைக் காட்டி, தலைக்கு மேலே இறங்கும் விமானத்தோடு சேர்த்துத் தங்களைப் படமெடுத்தார்கள். விமானம் சட்டத்துக்குள் சரியாக விழாததால் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். பிறகு அதற்கடுத்ததற்கு. அருணாசலம், முன்பு இதே இடத்தில் தம் குடும்பம் கூடாரம் போட்டு எத்தனை கோழி சுட்டது என்பதை ஜமால் அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கடலை ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்பது நிமிடம் கடந்த பிறகு, குரலை உயர்த்தலாமா என்று யோசித்தபடி திரும்பினேன்.

முத்துக்குமார் மட்டும் நீர்விளிம்பில் நின்றிருந்தார். தினமும் பார்க்கும் கடல்தானே என்று கேட்டேன். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது கப்பலைக் காட்டினார். சிவப்பு அடிப்பாகம். ஐந்து மாதம் அவர் கீழே நின்று சைகை காட்ட, தகடு தகடாக அதற்குத் தூக்கி வைத்தார்களாம். போன வாரம்தான் தளத்தைவிட்டுப் போயிருக்கிறது. அதைப் படமெடுத்து ஊரிலுள்ள மகளுக்கு அனுப்பினார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மொத்தம் பதினொரு நிமிடம்.

"பக்கத்துல நிக்கும்போது வெறும் செவரு மாதிரிதான்க்கா இருக்கும். இன்னைக்குத்தான் கப்பலாத் தெரியுது."

திரும்புவதும் புறப்பாடே

சாங்கி வில்லேஜ் உணவங்காடியை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அடைந்தோம். திரும்புவதற்கு இருபது கிலோமீட்டர். இந்தக் குழுவின் வேகத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தாலும், பத்தரைக்குள் புறப்பட்டே ஆக வேண்டும். எளிமையாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்தேகாலுக்கு ஏறலாம் என்றேன். அருணாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். பத்து மணிவரை ராகு காலமாம். எழுந்து வரிசையில் நின்றால் அதுவே திரும்பும் பயணத்தின் தொடக்கமாகிவிடக்கூடுமாம். அவர் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டதை நினைவூட்டினேன். "திரும்புறதும் புறப்பாடுதான்மா" என்றார். எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். பத்து அடித்ததும் எழுந்து, அங்காடியிலேயே மிக நீளமான, நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்று வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

பிரகாஷும் வித்யாவும் திங்கட்கிழமைகளில் அசைவம் தொடாதவர்கள். தேங்காய்ப்பால் சோறு சைவம்தானா என்று வித்யா அருணாசலத்திடம் கேட்டார். "நெத்திலிய ஓரமா ஒதுக்கிட்டா சைவம்தான் லா" என்ற பதிலைக் கேட்டுவிட்டு, இருவரும் பொரித்த வாழைப்பழம் விற்கும் வேறொரு வரிசைக்குப் போனார்கள். பத்து இருபத்தொன்று. அருணாசலத்தின் தட்டு அப்போதுதான் மேசைக்கு வந்தது. ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். திருமதி கோவின் தாளில் நான்காவதாக ஒரு நேரம் எழுதப்படுவதை நான் ஏறக்குறைய கண்ணால் கண்டேன்.

மேசையில் அருணாசலத்தின் நாட்காட்டித் தாள், டம்ளருக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் படித்தேன். எமகண்டம் 11.30 என்றிருந்தது; சென்னைக்கு அதிலிருந்து ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். படித்துவிட்டு எழுந்து நின்று, என் வாழ்நாளில் நான் சொல்வேன் என்று எண்ணியிராத ஒரு வாக்கியத்தை உரக்கச் சொன்னேன்: "பிரகாஷ், சென்னைக் கணக்கில் பத்தரைக்கு எமகண்டம் தொடங்குகிறது." வித்யா வரிசையைவிட்டு வெளியே வந்துவிட்டார். பிரகாஷ் அவருக்கும் முன்னால் சைக்கிளிடம் இருந்தார். அருணாசலம் மட்டும் கரண்டியை விடவில்லை. "நமக்குப் பதினொன்றரைக்குத்தான்" என்றார். ஆம் ஐயா, என்றேன். ஆனால் பதினொன்றரைக்குப் பிறகு வழியில் எங்கேனும் காலை ஊன்றி, மறுபடியும் ஏறினால், உங்கள் கணக்குப்படி அதுவும் ஒரு புறப்பாடுதானே?

அவர் கரண்டியை வைத்தார். பிறகு தட்டிலிருந்ததைப் பொட்டலத் தாளில் கவிழ்த்து மடித்தார்.

"ஏம்மா, இத காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

தரையில் படாத கால்கள்

பத்து இருபத்தெட்டுக்குப் புறப்பட்டோம். இரண்டு முறை சொல்லியும் வராத ஒழுங்கு, எமகண்டத்துக்கு வந்தது. ஒற்றை வரிசை. பேச்சு இல்லை. படம் இல்லை. போகும்போது ஒவ்வொரு மரத்தடியிலும் தண்ணீர் குடித்த அருணாசலம், என்னை முந்திவிடாதபடி நான் கையசைத்துத் தடுக்கும் அளவுக்கு ஓட்டினார்.

பதினொன்று ஐந்துக்கு, காலையில் வளைந்த கருவி தன் வேலையைக் காட்டியது. பிரகாஷின் சங்கிலி கழன்றது. அப்போது பூங்காப் பாதைக்கு வந்திருந்தோம். "கால ஊனாதீங்க! நமக்கு ஆரம்பிச்சாச்சு!" என்று வித்யா கத்தினார். பிரகாஷ் பாதையோரக் கம்பிவேலியைப் பற்றிக்கொண்டு இருக்கையிலேயே நின்றார். விடுபட்ட ஒரு கால் கொக்கின் காலைப்போல அந்தரத்தில் மடங்கியிருந்தது. முத்துக்குமார் இறங்கி, ஆடும் பாரத்தை நிறுத்துகிறவரைப்போலச் சைக்கிளை இரு கையாலும் அசையாமல் பிடித்தார். ஜமால் அண்ணன் கீழே குந்தி, தலைக்குமேல் ஒரு பாதம் நடுங்கிக்கொண்டிருக்க, சங்கிலியை மாட்டினார். இறங்கி நின்றிருந்தால் ஒரு நிமிட வேலை. நான்கு நிமிடம் ஆயிற்று. வித்யாவும் காலை ஊன்றவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவர் ஒரு குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கடைசிச் சோதனை. கார் நிறுத்துமிடத்தின் வாயிலில் வண்டிகள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன. நான் நிற்கச் சைகை காட்டினேன். பிரகாஷும் வித்யாவும் ஆளுக்கொரு கம்பத்தைப் பற்றிக்கொண்டார்கள். அருணாசலத்துக்கு அப்போது எமகண்டம் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம். அவர் நிற்கவில்லை, பக்கத்துத் திடலில் திருப்பி, நவக்கிரகத்தைச் சுற்றுகிறவரின் பக்தியோடு வட்டமடிக்கத் தொடங்கினார். ஒன்பது சுற்று. எண்ணியது நான்தான். கார்கள் போனதும் வட்டத்திலிருந்து நேராகப் பிரிந்து, நிற்கச் சொல்லி நான் உயர்த்திய கையைக் கடந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்குக் கடைசிச் சைக்கிளும் உள்ளே வந்தது. திருமதி கோ கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் மூச்சிரைத்தபடி, வெற்றிக் களிப்புடன், ஆறிய நாசி லெமாக்கைப் பிரித்துக்கொண்டிருந்த அருணாசலத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தில் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கள், இவரைத் துரத்திக்கொண்டு வந்தது யார்?"

செவ்வாய்க்கிழமை காலை

முத்துக்குமார் விடியும் முன்பே லாரியில் தளத்துக்குப் போனார்; அடுத்த விடுமுறைக்குத் தம் அறையிலிருந்து மேலும் மூவர் வருவார்கள் என்றும், மூவரும் நேரத்துக்கு வருவார்கள் என்றும் செய்தி அனுப்பினார். பிரகாஷ் சைக்கிளைப் பழுது பார்க்கும் கடையில் விட்டுவிட்டு ரயிலில் அலுவலகம் சென்றார். வித்யா தம் கைப்பேசியின் பஞ்சாங்கத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றினார். தம்முடையது சென்னையிலேயே இருக்கட்டும் என்று பிரகாஷ் சொன்னாராம், வீட்டில் இரண்டும் இருப்பது நல்லதாம். அருணாசலம் தம் அடுக்குமாடியின் கீழேயுள்ள காப்பிக் கடையில், கூட்டத்தைச் சாங்கியிலிருந்து நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது தாமே என்று மூன்று மேசைகளுக்குச் சொன்னதாக அவரே எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். ஜமால் அண்ணன் இரண்டு எலுமிச்சைகளையும் பிழிந்து எங்களுக்குச் சாறு போட்டார்.

நான் ஏழு நாற்பதுக்குத் தேக்கா சென்று, தினமும் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்றை வாங்கி, வழித்தாளில் தண்ணீர்க் குழாய்க்கும் கழிவறைக்கும் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: எமகண்டத்துக்கு முன், பத்தரைக்குள், சாங்கி வில்லேஜிலிருந்து திரும்பிப் புறப்படவும். ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்த திருமதி கோ தமிழ்ச் சவாரியை நிறுத்துவதைப் பற்றிப் பேசவில்லை. முந்தைய நாள் பன்னிரண்டு மணிக்குப் போன ஆங்கிலக் குழு முப்பத்தைந்து நிமிடம் பிந்தி வந்ததாம். நேற்றே என்னிடம் முழுக் கதையையும் கேட்டிருந்தவர், என் மேசைமேல் சாய்ந்து, "உங்கள் அந்தப் பத்தரை மணி விதியை ஆங்கிலத் தாளிலும் போட முடியுமா?" என்று கேட்டார்.

நான்கு மாதம் ஒவ்வொரு வளைவையும் அளந்து நான் எழுதிய வழித்தாளில் எல்லோரும் ஒருமனதாகக் கடைப்பிடிக்கும் ஒரே வரி, அதில் நான் நம்பாத ஒரே வரிதான்.